நாற்பத்தாறு மில்லிமீட்டர்

கிதார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கடையில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். உடம்பின் ஒரு தோளை வளைத்து வெட்டிய கிதார் வாங்குவதா, வெட்டு இல்லாத முழு உடம்புக் கிதார் வாங்குவதா? கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளை ஃபிரெட் என்போம். என்னுடைய பழைய கிதாரில் இருபது ஃபிரெட். பதினாலோடு கழுத்து முடிந்து உடம்பு ஆரம்பித்துவிடும். மிச்சம் ஆறும் உடம்பின் மேல் ஏறிக் கிடக்கும். பார்க்கலாம், கை வைப்பதுதான் பாடு. தோளில் வெட்டு இருந்தால் இடது கை கடைசிவரை இறங்கிப் போகும். "அங்கெல்லாம் யாருங்க போறாங்க?" என்பார் கடைக்காரர். பல வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரச்சோதனை பார்க்கிறேன். பூர்வீகம் விருதுநகர்ப் பக்கம். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் வேலை அளப்பது. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்பு. பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியைப் பேக்கிங்கில் இருப்பவர்கள் மறுபேச்சில்லாமல் கட்டி அனுப்புவார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அவமானமாக வரப்போகிறது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த பிறகு ஷெட்டிலேயே ஒரு பாட்டுக் கச்சேரி நடக்கும். மெயின்டனன்ஸில் இருக்கும் பாய் கீபோர்டு, நான் கிதார். வருடா வருடம் பாடுகிறவர்கள் நீலச் சட்டைக்காரர்கள், அதாவது நிரந்தரப் பணியாளர்கள். சாம்பல் சட்டை போட்ட காண்ட்ராக்ட் ஆட்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்து ஒரு பெண் கேட்டாள். சாம்பல் சட்டை. அஞ்செட்டிப் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி கெலவரப்பள்ளியில் குடியிருந்தாள். வெல்ஃபேர் ஆபீசர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, ஒருத்தருக்குக் குடுத்துப் பாப்போம்" என்றார். மறுநாள் அவள் என்னிடம் வந்து சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"நான் சொதப்பிட்டேன்னா எங்காளுங்க யாரையும் இனிமே மேல ஏத்த மாட்டாங்கண்ணா. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்ல" என்றேன். வாய்க்கு என்ன, வாடகையா வரியா?

முதல் ஷிப்ட் முடிந்து கேன்டீனில் ஒத்திகை. அவள் வாய் திறந்ததும் பாய் கீபோர்டில் கை வைக்க மறந்துவிட்டார். அப்படி ஒரு குரல். கணீரென்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல் மேலே போனது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்குச் சிரித்தாள். "கத்துக்கலீங்ணா. இந்த மலையில நின்னு அந்த மலையில மேயற மாட்டக் கூப்புடணும். மெதுவா கூப்ட்டா வருமா?" அவள் சுருதி ஐந்து கட்டை, நல்ல உயரம். பாட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிதார் தனியாக ஒரு பிட் வாசித்து, மேலே ஏறி, உச்சியில் ஒரு சுரத்தில் நின்று இறங்கும்.

அந்த உச்சி ஐந்து கட்டையில் பதினேழாவது ஃபிரெட்டில் விழுந்தது.

எட்டவே இல்லை என்று சொல்லமாட்டேன். மணிக்கட்டை முறுக்கி, கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, சுண்டுவிரலை நீட்டினால் தொடலாம். ஆனால் சுரம் செத்து வந்தது. பத்துத் தடவை வாசித்தால் மூன்று தடவை சரியாக விழும். நூற்றுக்கு முப்பது தேறும் மெஷினை நான் ஓட விடுவேனா? அன்று வீட்டுக்குப் போய், பாகங்களை அளக்கும் வெர்னியரை வைத்து அளந்தேன். பதினாலாவது ஃபிரெட்டிலிருந்து பதினேழாவதுக்கு நாற்பத்தாறு மில்லிமீட்டர். வீட்டில் இருப்பவள், "கிதாருக்கும் சீட்டு ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பயந்துவிட்டேன். இதை இப்போதாவது நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஷெட்டில் எண்ணூறு பேர் முன்னால் என் விரல் வழுக்கி ஒரு டப் சத்தம் வரும், இத்தனை வருடமாக "கிதார் சார்" என்று கூப்பிட்டவர்கள் சிரிப்பார்கள் என்று ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது இடது கை மேஜை மேல் தானாகவே பதினேழாவது ஃபிரெட்டைத் தேடியது. லைனில் பாகத்தை அளந்துவிட்டு அளவு மறந்துபோய் மறுபடி அளந்தேன். புதுக் கிதார் வாங்கலாம்தான். ஆனால் பத்து நாளில் புதுக் கழுத்துக்குக் கை பழகாது என்று அதற்கும் ஒரு பயம் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு அவளிடம் சொன்னேன்.

"சுருதியக் கொஞ்சம் எறக்கிக்குவோம்மா. மூணு கட்டைக்கு."

"ஏங்ணா? எனக்குக் கீழ அவ்வளவா வராதுங்ணா."

"நம்ம ஸ்பீக்கர் இந்த உசரம் தாங்காது. தகர ஷெட்டு வேற. கீச்சுன்னு அடிக்கும். மைக்ல கீழ பாடினாத்தான் நல்லா வரும்."

இப்படி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்றாள். நான் பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியை அவள் எத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள்! இதையும் அப்படியே வாங்கிக்கொண்டாள். பாய் மட்டும் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கீபோர்டில் சுருதியை இறக்கி வைத்தார்.

மூன்று கட்டையில் உச்சி சுரம் பதினாலாவது ஃபிரெட்டில் வந்து உட்கார்ந்தது. அட்டகாசமாக வாசித்தேன். அவள் பல்லவியின் கீழ் வரிகளில் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தாள். மைக் வந்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். ராத்திரி படுத்தால் மட்டும் தெரியும், சரியாகாது என்று.

பூஜையன்று வெர்னியருக்கும் கிதாருக்கும் ஒரே தட்டிலிருந்து பொட்டு வைத்தார்கள். மற்றவர்கள் பாடி முடித்து அவள் மேடை ஏறியதும் சாம்பல் சட்டைப் பக்கமிருந்து விசில் பறந்தது. அவள் புருஷனும் மகளும் வந்திருந்தார்கள். மகளை அவர் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

பல்லவி ஆரம்பித்தது. முதல் வரி கேட்டது. இரண்டாவது வரி கீழே இறங்கியது, அதோடு குரல் காணாமல் போனது. மைக்கில் மூச்சு மட்டும் வந்தது. "சவுண்டு வரல!" என்று யாரோ கத்தினார்கள். ஸ்பீக்கர்காரர் ஒலியைக் கூட்டினார். அப்போது மூச்சு பெரிதாகக் கேட்டது. சிரிப்பு எழுந்தது. அவள் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்ன சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு பாடினாள். ஒருமுறையாவது அவள் அதை மீறி மேலே போயிருக்கலாம். போகவில்லை.

பிறகு என் பிட் வந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. கைதட்டல், விசில். நான் தலையாட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாரோ கைபேசியில் வீடியோ எடுத்து கம்பெனி வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். அதை நான் இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை.

சரணத்தில் அவள் சுருதியே விலகிவிட்டது. மேடையிலிருந்து நான் இறங்கி வந்ததும் வெல்ஃபேர் ஆபீசர் என் காதருகே சொன்னார்: "பாத்தீங்கல்ல? இதுக்குத்தான் பர்மனென்ட் ஆளுங்களோட நிறுத்திக்கறது." நான் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். என் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கருவியில் கோளாறு இருக்கும்போது ஓட்டுகிறவர் மேல் தவறு எழுதுவது. அப்படி எழுதியவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பொரி பொட்டலத்தோடு அவள் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மைக் தாங்குச்சிதானங்ணா?"

"தாங்குச்சும்மா" என்றேன்.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பாய் பேச்சை எடுத்தார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சுருதிய ஏன் எறக்குனீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிட்ட ஒரு ஸ்தாயி கீழ வாசிச்சிருக்கலாமே? அஞ்சாவது ஃபிரெட்டு. கேக்கறவங்களுக்கு என்ன தெரியப் போவுது?" பிறகு டீயை உறிஞ்சிவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க அதுக்கும் ஒரு படி மேல, கூடம் கோணல்னு பாடறவளக் குனிய வச்சீங்க" என்றார். கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கலாம் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்தப் பிட்டை மேலே வாசித்தால்தான் விசில் வரும். அதுதான் காரணம்.

அப்புறம் பெங்களூருக்குப் போய் வெட்டு வைத்த கிதார் ஒன்று வாங்கி வந்தேன். பதினேழு, பதினெட்டு, இருபது, கை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. வீட்டில் அந்தப் பிட்டை மேலேயும் வாசித்தேன், ஒரு ஸ்தாயி கீழேயும் வாசித்தேன். எது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றாள்.

இந்த வருடம் பூஜைக்கு மூன்று வாரம் முன்னால் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். பாட விரும்பும் நிரந்தரப் பணியாளர்கள் பெயர் கொடுக்கவும். 'நிரந்தர' என்பது புதிதாகச் சேர்ந்திருந்தது. போன வருடம்வரை எழுதாத சட்டம், என் புண்ணியத்தில் எழுத்தில் ஏறிவிட்டது. அதைத் தாண்டித்தான் தினமும் வருகைக்குப் பஞ்ச் வைக்கப் போக வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிந்து கேட் எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளிடம் போனேன். அவள் இப்போதும் பேக்கிங்கில்தான். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், பஸ் ஏறும்போது "வரேங்ணா" என்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

சொன்னேன். ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை, என் கை எட்டவில்லை, உன்னை இறக்கினேன் என்று. பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்ப என் தொண்டையில ஒண்ணும் கெடலியாங்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. உன் குரல் நல்ல குரல்."

"அன்னிக்கி மைக்கு நல்லாத்தான் இருந்துச்சின்னு நீங்களே சொன்னீங்க. அப்ப எனக்குத்தான் குரல் போயிடுச்சின்னு நெனச்சங்ணா. ஒரு வருசமா எங்க ஊட்டுலகூடப் பாடல. எம்பொண்ணு கேப்பா. வாயத் தொறக்க மாட்டேன்."

பஸ் வளைவில் திரும்பியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்:

"ஆபீசருகிட்ட இதச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"அங்கதான மொதல்ல சொல்லியிருக்கணும்."

பஸ் நின்றது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வரேங்ணா" சொல்லவில்லை.

மணி மூன்றே கால். வெல்ஃபேர் ஆபீசர் ஐந்தரை வரை இருப்பார். நான் கேட்டுக்குள் திரும்பி நடந்தேன்.