மாலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கயிறு

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் படகுப் பேச்சு வந்தால், அன்றைக்குக் காற்று சரியில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் அங்கே இருந்தேன். ஐந்தாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன் என்றாலும் எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

படகு மாமாவுடையது. சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்த மாமாவுக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது சல்லிசாகக் கொடுத்தார் என்று ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கி, கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் தெரிந்தவர் ஒருவருடைய கொட்டகையில் போட்டு வைத்தார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். யார் ஓட்டுவது என்று கேட்டால் மட்டும் கடைக்கு ஆள் வந்துவிட்டதாக எழுந்து போய்விடுவார்.

வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் சித்தி ஒருத்திதான். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்து பாய்மரம் ஓட்டக் கற்றவள். புதுச்சேரியில் படகோட்டச் சொல்லித்தரும் ஓர் இடத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தாத்தா முடியாது என்றுவிட்டார். சித்தி விடவில்லை. தாத்தா பேப்பர் படிக்கும்போது, சாப்பிடும்போது, செய்தி பார்க்கும்போது என்று பிடித்த பிடியாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல் தாத்தா ஒரு வழி சொன்னார். ஆயுத பூசையன்று படகுக்குப் பூசை போட்டதும் அவள் ஓட்டிக் காட்டட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து சித்தி வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தாள்.

பூசையன்று குடும்பத்தோடு வேன் பிடித்துக் கடலூர் போனோம். போனதும் சித்தி படகில் பாய்மரத்தை நிறுத்தி, உச்சியிலிருந்து வரும் எஃகுக் கம்பிகளை இழுத்து மாட்டினாள். இரண்டு பக்கமும் இரண்டு கம்பி, படகின் மூக்குக்கு ஒரு கம்பி. மூக்கிலிருந்த பட்டையில் அந்த முன்கம்பியைச் சேர்த்து ஆணி செருகி, ஆணி கழலாமலிருக்க ஊக்கும் மாட்டினாள். மரம் மல்லாக்க விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான், யாரும் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் உடை மாற்றப் போனாள்.

பூசை மாமாவின் பொறுப்பு. லாரிக்கு எப்படிப் போடுவார்களோ அப்படியே போடவேண்டும் என்று அவருக்கு ஆசை. சந்தனம், குங்குமம், பூசணிக்காய் எல்லாம் சரியாக நடந்தது. எலுமிச்சம்பழத்தில்தான் சிக்கல் வந்தது, படகுக்கு டயர் கிடையாதே. கொஞ்ச நேரம் யோசித்து, படகைத் தள்ளும்போது நசுங்கட்டும் என்று அடியில் மணலில் வைத்தார். அடுத்து வாழைக்கன்று. அதை மூக்கில் நிமிர்த்தி நிறுத்தினால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றார். முன்கம்பி குறுக்கே வந்தது. மாமா ஊக்கை உருவி, ஆணியைத் தட்டிக் கழற்றினார். பாய் ஏற்றாததால் மரம் அப்படியே நின்றது. ஆணி கைநழுவிக் கரையோரத் தண்ணீரில் விழுந்து சேற்றுக்குள் போனது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வாழைக்கன்று கட்ட வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றால் கம்பியைப் பட்டையோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதன் மேல் பெரிய சாமந்தி மாலையை வளைத்துப் போட்டதும் கயிறு மறைந்துவிட்டது.

சித்தி தொடக் கூடாதென்று சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே என்றார். அம்மாவிடம் ஓடினேன். நல்ல நாளும் அதுவுமாக மரம் விழும், கிழும் என்று பேசாதே என்று அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

சித்தி வந்ததும் நேராக மூக்குப் பக்கம்தான் போனாள். மாலையைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினாள்.

"பூச போட்ட மாலம்மா, வாடுற வரைக்கும் கை வைக்கக் கூடாது. ராகு காலம் வருது, கெளம்பு," என்றார் தாத்தா.

சித்தி தயங்கினாள். முடிவு தாத்தாவின் கையில் இருந்த நாள் அது. கையை எடுத்துக்கொண்டாள். நான் கத்த வாயைத் திறந்தபோது அம்மாவின் உள்ளங்கை வந்து மூடியது. மாமா முதலாளி என்ற தோரணையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். வாழைக்கன்று இருந்ததால் முன்பாயை ஏற்ற முடியவில்லை, பெரிய பாயை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போகும்போது காற்று முதுகுப் பக்கம். படகு அவ்வளவு அழகாகப் போனது. தாத்தா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார், அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திரும்பி வரக் காற்றுக்கு எதிராகப் படகின் தலையைத் திருப்ப வேண்டும். சித்தி சுக்கானைத் தள்ளிப் பாயை இறுக்கி இழுத்தாள். அதுவரை சும்மா இருந்த முன்கம்பிக்கு அப்போதுதான் பாரம் வந்தது. பட்டென்று ஒரு சத்தம். மரம் பின்பக்கமாகச் சாய்ந்து சித்தியின் தோளை உரசிக்கொண்டு படகின் விளிம்பில் விழுந்தது. பாய் கிழிந்தது, மரத்தைத் தாங்கிய அடிப்பீடம் பெயர்ந்து வந்தது, மரம் நடுவில் வளைந்தது. மாமா வேட்டியோடு ஆற்றில் கிடந்தார்.

மீன்படகுக்காரர்கள் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார்கள். இறங்கியதும் மாமா, இவள் திருப்பத் தெரியாமல் திருப்பிவிட்டாள் என்றார். தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்திக்கே என்ன நடந்ததென்று புரியவில்லை. ஆணியை ஒழுங்காகப் போட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறவள் மாதிரி நின்றாள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய், படகின் மூக்கில் கிடந்த மாலையைப் பிடித்து இழுத்தேன். நார் அறுந்து சாமந்தி சேற்றில் கொட்டியது. அடியில் அறுந்த மஞ்சள் கயிறு பல்லிளித்தது.

"சித்தி ஆணிதான் போட்டுச்சு. மாமாதான் அத கழட்டிட்டு இத கட்டுனாரு. நான் பாத்தேன்."

சாமி மாலையை அறுத்ததற்காக அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் திரும்பவும் அதையே சொன்னேன். இன்னொன்று விழுந்தது. மூன்றாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னேன். கரையில் நின்ற மீன்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

மாமா தலையைச் சொறிந்துகொண்டு, போட்டோ எடுத்ததும் மாற்றலாமென்று இருந்ததாகவும் மறந்துவிட்டதாகவும் சொன்னார். தாத்தா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவன் என்ன வேண்டுமென்றா செய்தான் என்று அத்தோடு விட்டுவிட்டார். மாமாவுக்கான விசாரணை அவ்வளவுதான். எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், அடுத்து தாத்தா வாயைத் திறந்தால் புதுச்சேரிதான் என்று முதுகு எரிய எரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சித்திதான் கேட்டாள். "அப்பா, தப்பு என்னுதா?"

"ஒன்ன யாரும்மா சொன்னா? ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப நான் வேலைக்குப் போலாமா?"

"அதெல்லாம் வேணாம். வுடு."

வேனில் சிதம்பரத்துக்குத் திரும்பினோம். வழியில் நான் சித்தியின் காதருகே போய், மாலையை இழுத்தது தப்பா என்று கேட்டேன். இல்லடி, ரொம்ப நல்லது செஞ்ச என்று சொல்லி என் முதுகைத் தடவினாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நல்லது செய்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் காலையில் சித்தி பையோடு வந்து தாத்தாவின் எதிரே நின்றாள். "ஒங்கள கேக்கலப்பா. சொல்லிட்டுப் போறேன்," என்றாள். ஆட்டோவைக்கூடக் கூப்பிடாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனாள். அம்மா அழுதாள், மாமா கடை திறக்கப் போய்விட்டார், தாத்தா பேப்பரைத் திருப்பவே இல்லை. எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம். இன்னும் நாலு நாள் கேட்டிருந்தால் தாத்தா சரியென்றிருப்பார், நான் அடி வாங்கி ஜெயித்துக் கொடுத்ததைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறாளே என்று பொங்கல்வரை அவளோடு போனில் பேசவில்லை. தப்பு அவளுடையது என்றிருந்தால் திருத்திக்கொண்டு மறுபடி கேட்டிருப்பாள் என்பதும், தப்பே இல்லை என்று சொன்ன வாயே வேண்டாம் என்றபோது கேட்க வேண்டியது தீர்ந்துபோனது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.