நட்ட நாற்றை மிதித்த ஓவியம்

எழுபதுகளின் தொடக்கம், ஓர் ஆவணி மாதம். திருவள்ளூரில் ஓர் அரிசி மில்லில் மூட்டைகளுக்கு மார்க் போடும் வேலையில் இருந்தேன். ஓவியம் எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. காலண்டர் படங்களின் மேல் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்து நானே பழகியதுதான்.

பஜாரில் புதிதாகத் திறக்கவிருந்த உரக்கடைச் சுவரில் நாற்று நடும் படம் கேட்டார்கள். சுவர் அளவுக்கு நான் வரைந்த முதல் படம் அது. பளபளக்கும் புடவைகளில் ஐந்து பெண்கள், முகமெல்லாம் சிரிப்பு. கடைக்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கீரை விற்க வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாய்யா இது? நட்ட நாத்தையே மிதிச்சிக்கினு போறாளுங்க? நாங்க பின்னால நகந்துக்கினேதான் நடுவோம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கலர் ஜோரா கீது, வுடுப்பா" என்றார் கடைக்காரர். ஆனால் அந்தக் கடைக்கு வரப்போகிறவர்கள் எல்லாருமே விவசாயிகள்! ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம், நடவை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். மறுநாள் திருவாலங்காட்டில் நடவு, வந்து பார் என்றார்.

காலை ரயிலில் போய், நோட்டும் பென்சிலுமாக வரப்பில் நின்றேன்.

"மேல நின்னுக்கினு இன்னாத்த பாக்கப் போற? எறங்குய்யா!" என்று வயலுக்குள்ளிருந்து அந்தக் கீரைக்காரப் பெண் குரல் கொடுத்தார்.

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, நானும் குனிந்து நட்டேன். பத்தே நிமிடம், இடுப்பு கழன்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், நடுகிறவர்கள் யாரும் நான் வரைந்தது போலச் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. நாற்றுக்கட்டைப் பிடித்த இடது கை தொடையில் ஊன்றியிருந்தது. கவனம் முழுக்க வலது கை விரல் நுனியில். வாய் மட்டும் ஓயாமல் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை வரப்பில் உட்கார்ந்து வரைந்தேன்.

திரும்பியதும் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைக்காரர் திட்டித் தீர்த்தார். திறப்பு நாளன்று காலையில்தான் முடிந்தது. கடைக்கு வந்த ஓர் அம்மா, படத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும் பெண்ணைக் காட்டித் தன் கணவரிடம், "நோவக்கூட வரைஞ்சிக்கிறான் பாரேன்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீரைக்காரப் பெண் வந்து பார்த்தாரா, தெரியாது. பிறகு மில் வேலையை விட்டு, கும்மிடிப்பூண்டி வரை எத்தனையோ சுவர்களில் வரைந்துவிட்டேன். யாரிடமும் ஓவியம் கற்காதவன் என்று முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அந்தச் சேற்றில் இறங்கிய பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.