முரடனும் மெத்தையும்

அந்த ஊரில் ஒருவன் பெண்டாட்டியிடம் கேட்காமல் பிக்கப் வண்டி வாங்கினாலும் வாங்குவான், தராசுவிடம் கேட்காமல் வாங்கமாட்டான். தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, ஊர் வைத்தது. தகரக் கூரை போட்ட பட்டறை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, அதற்கு நடுவே ஸ்பேனரும் கையுமாக ஒரு மனுஷர். ஊரில் ஓடுகிற இரண்டு கம்பெனி வண்டிகளையும் பிரித்து மேய்ந்தே தலை நரைத்தவர். எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்டால் இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

கம்பெனிக்காரர்கள் வைத்த பெயரெல்லாம் விளம்பரப் பலகையோடு சரி. ஜனங்கள் ஒன்றை முரடன் என்றார்கள், இன்னொன்றை மெத்தை என்றார்கள். முரடனில் ஏறி உட்கார்ந்தால் பாறைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்தும். கியர் மாற்றினால் அதட்டும், மேடேறினால் அலறும். ஆனால் நடுவழியில் காலை வாராது. மெத்தை அப்படியில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. குழியில் இறங்கினால், ஏதோ குழி இருந்ததாமே என்று காதில் விழுந்த சேதிபோல இருக்கும். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது போட்டுக்கொள்கிற சண்டை இருக்கிறதே, அடேயப்பா, சொத்துத் தகராறு தோற்றது.

தராசு எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே பாதை, ஒரே பாரம், ஒரே நாள். இரண்டு வண்டியிலும் அடுத்தடுத்துப் போவார். அவர் ஓட்டமாட்டார். வாங்குகிறவன்தான் ஓட்ட வேண்டும். இவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தூங்குகிறார் என்று நினைத்து அரட்டை அடித்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஸ்டீயரிங் கைக்கு வந்துட்டா மனசு வண்டி பக்கம் சாஞ்சுரும்யா. பக்கத்து சீட்டுதான் பொய் சொல்லாது” என்பார்.

இதெல்லாம் முன்பு. மச்சான் சாவதற்கு முன்பு.

மச்சான் என்றால் தங்கையின் புருஷன். மலையடிவாரத்திலிருந்து மேலே உள்ள கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை. வாய் திறந்து எதுவும் கேட்டறியாத மனுஷன். முதுகு வலி என்றுகூடச் சொல்லமாட்டார், தங்கைதான் சட்டையைக் கழற்றும் தினுசைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். அவருக்குத் தராசுதான் மெத்தையைத் தேர்ந்து கொடுத்தார். அந்த முதுகுக்கு மெத்தைதான் சரி என்று அடித்துச் சொன்னார். அதில் தப்பும் இல்லை. சில வருஷம் ராஜா மாதிரி ஓட்டினார் மச்சான்.

அப்புறம் ஒருநாள் மலை இறக்கத்தில் பின்சக்கரம் கழன்று ஓடியது. வண்டி பள்ளத்தில். நசுங்கிய வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தபோது, வேறு யாரையும் தொடவிடாமல் தராசுவே சக்கரத்தைப் பிரித்தார். உள்ளே பேரிங் தேய்ந்து பொடியாகிக் கிடந்தது. ஒரே நாளில் ஆகிற காரியமில்லை அது. வாரக்கணக்கில் ஊளையிட்டிருக்கும். முரடனாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் தெருவே எழுந்து வந்திருக்கும். மெத்தைக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் காதில் எப்படி விழும்? சொகுசு சொகுசு என்று சொல்லித்தானே வாங்கிக் கொடுத்தோம், அந்தச் சொகுசே ஆளின் காதைப் பொத்திவிட்டதே என்று தராசு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தங்கையிடம் ஒளிக்கவில்லை, அப்படியே சொன்னார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஜனங்கள் தராசுவை விடவில்லை. அவரும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் பக்கத்து சீட்டில் கண்ணை மூடினால், ஓட்டுவது யாராக இருந்தாலும் மச்சான்தான் ஓட்டினார். அதே தொண்டைச் செருமல். வளைவு வந்தால் மூச்சை உள்ளே இழுக்கிற அதே பழக்கம். சட்டையிலிருந்து அதே சலவை சோப்பு வாசனை. கண்ணைத் திறந்தால் சிமெண்டுக் கடைக்காரரோ, தண்ணீர் கேன் போடுகிறவரோ இருப்பார். முதலில் பயமாக இருந்தது. போகப் போக, உண்மையைச் சொன்னால், அதற்காகவே போக ஆரம்பித்தார். ஆள் வேறு எங்கே வருகிறார்? தீர்ப்பு சொல்வது மட்டும் குறைந்துபோயிற்று. “ரெண்டும் நல்ல வண்டிதான், உங்க இஷ்டம்” என்று உப்புச்சப்பில்லாமல் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் தங்கை மகள் பட்டறைக்கு வந்து நின்றாள். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவார் தராசு. அப்பனுக்குச் சேர்த்து இவள் பேசுவாள்.

“மாமா, எனக்கு வேலை கெடச்சிருக்கு. சொந்த வண்டி போடணும்.”

“என்ன வேலை?”

“கோழிப்பண்ணையிலேர்ந்து முட்டை ஏத்தி மேல இருக்கிற கடைங்களுக்குப் போடணும்.”

“மேலன்னா?”

“மேலன்னா மேலதான் மாமா. மலைக்கு.”

தராசு கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்தார். அந்த ரோடா என்று கேட்பானேன்? வேறு ரோடு கிடையாது.

“உங்கம்மா என்ன சொன்னா?”

“மாமாவ கேளுன்னு சொல்லிட்டாங்க. உங்களக் கேட்டா அம்மாவ கேளுன்னு சொல்வீங்க. நடுவுல நான் என்ன பந்தா? ரெண்டு வண்டியையும் வெச்சுப் பாத்து எதுன்னு சொல்லுங்க.”

“நமக்கு எதுக்கும்மா இதெல்லாம். ஒரு கடையில கணக்கு எழுதலாம், நிழல்ல உக்காரலாம்...”

“நீங்க சொல்லலைன்னா ஷோரூம்காரன் சொல்றதைக் கேட்டு வாங்கிடுவேன். அவன் பளபளன்னு இருக்கிறதைத்தான் காட்டுவான். பரவால்லையா?”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் எவனோ சொல்லி வாங்குவாள். சொல்லிவிட்டால், அதில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால், ஒரே வீட்டில் இரண்டு பேரை வாயாலேயே அனுப்பியவர் ஆவார் தராசு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு ஷோரூமுக்கும் போன் போட்டு டிரையல் வண்டி கேட்டார்.

பாரத்துக்கு மணல் மூட்டை வேண்டாம், முட்டையே ஏற்றலாம் என்றாள் வாயாடி. பண்ணைக்காரரும் உடைந்தால் உடையட்டும் என்று அட்டை அட்டையாகக் கொடுத்துவிட்டார்.

முதலில் முரடன். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தவில்லை. இன்னொரு தரம் அறைந்தாள். ஊருக்கு வெளியே வந்து மலைப்பாதை தொடங்கியதும் வண்டி போட்ட கூச்சலில் பேச்சே கேட்கவில்லை.

“மாமா, இது எதுக்குக் கோச்சுக்குது?”

“கோபமில்ல, அதோட பேச்சே அப்படித்தான்!” என்று தராசு கத்தினார்.

தராசு வழக்கமாகத் திரும்பச் சொல்கிற இடத்தில் திருப்பிக்கொண்டு வந்து பின்பக்கம் திறந்தால் அட்டைகளின் அடியில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. “இங்கயே அடுப்பு வெச்சா ஊருக்கே விருந்து போடலாம்” என்றாள் அவள்.

அப்புறம் மெத்தை. உள்ளே புது வண்டி வாசனை. கதவு கிளிக் என்றுகூடச் சொல்லாமல் ஒட்டிக்கொண்டது. முன்னால் இருந்த சின்னத் திரையைக் காட்டினாள். “பாருங்க மாமா, சக்கரத்துல எது கெட்டாலும் இதுல விளக்கு எரியும். பழைய மெத்தை இல்ல இது.” அவள் எதைச் சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தராசு தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டி தண்ணீர்மேல் போவதுபோல் போனது. ஸ்பிரிங் பேசவில்லை, கியர் பேசவில்லை. அந்த அமைதியில் பக்கத்தில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. முதல் வளைவு. மூச்சு உள்ளே போகிற சத்தம். அடுத்த வளைவிலும் அதே மூச்சு. சலவை சோப்பு வாசனை அவ்வளவு கிட்டத்தில் இதுவரை வந்ததில்லை. தராசுவுக்கு நெஞ்சு கரைந்தது.

“மெதுவா மச்சான், இறக்கம் வருது” என்றார்.

வண்டி ஓரமாக நின்றது. கண்ணைத் திறந்தார். வாயாடி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனின் செருமல், அப்பனின் மூச்சு, அந்த வீட்டுச் சோப்பு. எல்லாம் அவளுடையது. கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தில் காற்றில் மரங்கள் ஆடின, அந்தச் சத்தம் ஒரு துளி உள்ளே வரவில்லை.

“அப்பா உங்ககிட்ட பேசுவாரா மாமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“இல்லம்மா. சும்மா ஓட்டுவாரு.”

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாய் மூடியதைப் பார்த்ததுதான் தராசுவுக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது ஒரு முட்டைகூடக் கீறவில்லை.

உடைந்த முட்டைகளைக் கிண்ணத்தில் வாரிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம். தங்கை முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்து யாரோ ஒருத்தர் வண்டிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். சோபா, கட்டில் எங்கும் தார்ப்பாய் மடிப்புகள். வாயாடி அடுக்களையில் முட்டையை அடிக்கப் போனாள். தராசு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டே தங்கை வாசற்பக்கம் தலையைத் திருப்பினாள். யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் திரும்பினாள்.

“யாரும்மா வரணும்?” என்றார் தராசு.

“யாருமில்லண்ணே.” மிஷின் நின்றது. “அவர் வண்டி வந்தா சத்தமே கேக்காதுல்ல. திரும்பிப் பாத்தா வாசல்ல நிப்பாரு. எப்ப வந்தாருன்னே தெரியாது. அன்னைக்கும் சத்தம் வரல. சரி, வந்திருப்பாருன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகல. வரலைங்கறதுக்கும் சத்தம் கெடையாதுல்லண்ணே.”

இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர் இதைக் கவனித்ததில்லை.  தராசு முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாயாடி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். “சொல்லுங்க மாமா. எது?”

“முரடன்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முட்டைக்கா?”

“இஞ்சின் உறுதி. சாமான் எங்கயும் கிடைக்கும். நடுவழியில நிக்காது...”

“யாருக்கு மாமா காது குத்துறீங்க? அது முட்டைய ஒடைக்குது, மேட்டுல மூச்சு வாங்குது, இடுப்ப ஒடைக்குது. மெத்தையில ஒண்ணுகூட ஒடையல. விளக்குகூட இருக்கு. வேற யாராவது கேட்டிருந்தா நீங்க எதைச் சொல்லியிருப்பீங்க?”

“மெத்தையத்தான்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன்?”

தராசு தங்கையின் பக்கம் பார்க்காமல் சொன்னார். “நீ வர்றது தெருமுனையிலயே கேக்கும்மா. கேட்டா உங்கம்மா திரும்பிப் பாக்க வேண்டாம்.”

 வாயாடி தட்டில் இருந்ததைக் கிளறினாள். அவள் அழுவாள் என்றோ சண்டை போடுவாள் என்றோ தராசு எதிர்பார்த்தார். “சரி, அட்டைக்கு அடியில போர்வை போட்டுக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே முரடன் வந்தான். ஊர் சிரித்தது. முட்டைக்கு முரடனைச் சொன்னாராமே, தராசுவுக்கு முள் கழன்றுபோச்சு என்று பெட்ரோல் பங்கில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குலுக்கல் குறைய ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றினார். சீட்டுக்கு ரெட்டைப் பஞ்சு வைத்தார். வாரம் தவறாமல் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்.

முதல் மாதம் முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டில் இருந்தார். தெருமுனையில் முரடனின் அலறல் கேட்டது. கேட்டதும் தராசுவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. மேட்டில் கியர் மாறியது, வாசலில் வந்து இருமி அடங்கியது, கதவு இரண்டு தரம் அறைந்தது. தங்கை தலை தூக்கவில்லை. சிரித்துக்கொண்டே தைத்தாள். ஆகா, நான் சொன்னது பலித்துவிட்டது என்று தராசு மனசுக்குள் துள்ளினார்.

வாயாடி உள்ளே வந்தாள், முகம் கழுவினாள், சாப்பிட உட்கார்ந்தாள். தராசுவையும் சேர்த்து மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். வெளியே தெரு அடங்கிவிட்டது, ஒரு சத்தமும் இல்லை.

தங்கை மிஷினை நிறுத்திவிட்டு வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை உடனே தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. நிதானமாகப் பார்த்தாள். சத்தம் போட்டு வருகிறவள் வந்தாகிவிட்டது. இனி சத்தமில்லாமல் யார் வந்தாலும் அது அவர்தான்.

தராசுவுக்கு அது புரிந்தது. வாயாடி எழுந்து போய்க் கதவைச் சாத்தக் கை வைத்தாள்.

“கொஞ்சம் இருக்கட்டும்டி” என்றாள் தங்கை.

புறப்படலாம் என்று எழுந்திருந்த தராசு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.