வடக்கே தலை

அன்று காலை கெடாரில் எங்கள் கிணற்றடியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, பெரியம்மா, அத்தை, நான். இறவை மாடுகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்காக வேலையை விட்டுக் காத்திருந்தவை அவைதாம்.

அத்தைக்குச் சிறு வயதில் கக்குவான் வந்து போனதிலிருந்தே இருமல். விடிந்தால் பச்சைப் பச்சையாக, நாற்றத்தோடு சளி. க்ஷயம் என்று சொல்லிப் புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. திண்டிவனத்து டாக்டரம்மா சளியைச் சோதித்துப் பார்த்து, இது க்ஷயம் இல்லை, நெஞ்சுக்குள் குழாய்கள் பை பையாகத் தொங்கிப்போய் அதில் சளி தேங்கி அழுகுகிறது என்றார். யுத்த காலம், வீரியமான மாத்திரையெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, தலை தாழப் படுக்கவைத்து, கையைக் குழித்துத் தினமும் முதுகில் தட்டுங்கள், விட்டால் அந்தச் சளியே மூச்சை அடைத்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் கட்டில் ஏது? எல்லோருக்கும் பாய்தான். அப்பா யோசித்து யோசித்து, நீர் இறைக்கும்போது மாடுகள் இறங்கி நடக்கும் மண்சரிவில் படுக்கவைப்பது என்று முடிவு செய்தார். அங்கேதான் சிக்கல். சரிவு வடக்கே பார்த்து இறங்கியது. தலை தாழ்ந்தால் வடக்கே தலை.

"வடக்கால தலை வெச்சா ஆயுசு கொறையும்னு கொழந்தைக்கும் தெரியும்," என்றாள் பெரியம்மா. "சரிவுலதானே படுக்கணும்? தலைய மேல வெச்சிக்கினு படுக்கட்டும்."

அப்பாவுக்கும் உள்ளூரப் பயம். மேட்டில், கிணற்றுப் பக்கம் தலைவைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். அம்மா தட்டினாள். மண்தான் அதிர்ந்தது, சளி வரவில்லை. அத்தையின் உதடு நீலம் பாய்ந்தது. நான் பயந்த பிள்ளை. நான் இல்லாத நேரத்தில் வீட்டில் யாராவது செத்துப்போவார்களோ என்று பயந்தே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அன்று கண்ணெதிரிலேயே அது நடக்கப்போகிறது என்று நடுங்கினேன்.

அத்தை கையை ஊன்றி எழுந்தாள். "அண்ணா, என்னைத் திருப்பிப் போடு."

"அது வடக்கும்மா."

"ஆயுசு கொறையணும்னா மொதல்ல ஆயுசு இருக்கணும்ல? திருப்பு."

அப்பா திருப்பினார். அம்மா மறுபடி தட்டினாள். முதலில் நிறைகுடத்தைத் தட்டுவதுபோல் ஒரு மந்தமான ஓசை. பிறகு உள்ளே ஏதோ புரண்டது. அத்தை இருமினாள். சாம்பல் போட்டு வைத்திருந்த சட்டியில் அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மெலிந்த அந்த உடம்புக்குள் இவ்வளவா! மூக்கை மூடிக்கொண்டு நின்ற பெரியம்மாதான் ஓடிவந்து சட்டியைப் பிடித்தாள். அத்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். ஓயாமல் கரகரத்துக்கொண்டிருந்த இடத்தில் காற்று சத்தமில்லாமல் போய்வந்தது. அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

அத்தை எழுந்து உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். "எங்கியோ மல்லாட்டை வறுக்கறாங்க." எனக்கும் அந்த வேர்க்கடலை வாசனை வந்தது.

"அடி சக்க! இம்மா நாளு வாசனை தெரியாம கெடந்தவ," என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டு மல்லாட்டைதான். துன்னத்தான் கேக்கறா பாரு!"

அப்பா வேலியோரம் குழி தோண்டிச் சட்டியில் இருந்ததைக் கொட்டி மூடினார். அத்தையின் நோய் முழுவதும் அதற்குள் போய்விட்டது. அது மேலே வந்துவிடக்கூடாதே என்று நான் அந்த மண்ணை ஏறி மிதித்தேன்.

"நாளைக்கு மாட்ட எப்ப ஓட்டியாரட்டும்?" என்று அப்பா கேட்டார்.

"நாங்க முடிச்சிட்டுக் கொரல் குடுக்கறோம்," என்றாள் அம்மா.

"நாளைக்கு எதுக்கு? அதான் பொதைச்சாச்சே!" என்றேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். பெரியவர்களுக்குச் சில சமயம் எதுவும் விளங்குவதில்லை என்று எண்ணிக்கொண்டு, அந்த மண்ணை இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.