பாப்பா மூட்டை

தூளி கட்டிய கம்பிச்சுருள் தாங்குமா என்று பார்க்க, என் கணவர் உள்ளே அரிசி மூட்டையை வைத்து ஆட்டினார். சுருள் கிறீச்சிட்டது. எனக்கு ரங்கூன் பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்த அப்பாவின் பட்டறை நினைவுக்கு வந்தது.

அங்கே மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. வண்டி குலுங்காமலிருக்க எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் ஒவ்வொன்றையும் அடியில் பூட்டும் முன், அப்பா அதன்மேல் பலகை போட்டு மண் மூட்டைகளை ஏற்றிப் பார்ப்பார். "இவரு தொரை, இவங்க தொரைசானி, இது பாப்பா" என்று சிரிப்பார். அந்திவெளிச்சத்தில் அவை மூன்றும் நிஜமாகவே உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும்.

ஒரு மாலை வில் முழுப் பாரத்தையும் தாங்கியது. பட்டறை ஆட்கள் பெரிய மூட்டைகளை இறக்கினார்கள். பாப்பா மட்டும் பலகையில் இருந்தது. யாரும் தொடாதபோதே வில் 'டக்'கென்று ஒடிந்தது. மூட்டை விழுந்து கிழிந்து, மண் என் கால்வரை ஓடி வந்தது.

"அவ்வளவு பாரத்துக்கு ஒடியாதது, இதுக்கா ஒடியும்?" என்று கேட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. "அப்பவே உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும்மா. நமக்குத்தான் தெரியல."

இப்போது கணவர் தூளியை நிறுத்துகிறார். "தாங்குதுல்ல, புள்ளையப் போடு. பட்டறை வீட்டுப் பொண்ணு இதுக்குப் பயப்படலாமா?" என்கிறார்.

என் பயம் அசட்டுத்தனமாகவும் இருக்கலாம். அரிசி மூட்டையை எடுத்துவிட்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுருளும் ஒடிகிறதா என்று வெறும் தூளியைப் பார்த்தபடி காத்திருக்கிறேன்.