பெயின்ட் அடித்த ஷாக் அப்சார்பர்

பேயாண்டியைப் பதினாலு பெண்கள் பார்க்க மேனேஜர் திருடன் என்று சொன்னபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட அடுத்தவன் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்ததில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் டிரைவர். வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போவதும் சாயங்காலம் கொண்டுவந்து விடுவதும்தான் வேலை. எண்பத்தைந்தில் வாங்கிய வெள்ளை மாருதி வேன். நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். மேனேஜர் ஏற்றச் சொன்னதோ பதினைந்து பேர். பழங்காநத்தத்தில் பத்து, திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் ஐந்து. போதாததற்கு, குடம் வார்க்கிற பிளாஸ்டிக் குருணை இரண்டு மூட்டை டவுனிலிருந்து அதே வேனில் வரும். இடம் கிடைக்காத பெண்கள் அந்த மூட்டை மேல்தான் உட்கார்ந்து வருவார்கள்.

மூன்று வருஷம் இந்தப் பாரத்தைத் தாங்கிய முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்பத்தெட்டு சித்திரையில் எண்ணெய் கக்க ஆரம்பித்தன. வண்டியின் மூக்கை அழுத்தி விட்டால் ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். இது தொட்டில் மாதிரி ஆடியது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் குப்புற இறங்கியது. டயரின் உள்விளிம்பு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துபோயிருந்தது.

பேயாண்டி மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் முதலாளியின் மச்சினன்.

"சார், ரெண்டு ஷாக்கும் போச்சு. பொம்பளப் பிள்ளைகள ஏத்திட்டுப் போறேன். எனக்குப் பக்குனு இருக்கு."

"வண்டின்னா ஆடத்தான்யா செய்யும். மெதுவா ஓட்டு."

வைகாசியில் ஒரு தடவை சொன்னார். ஆனியில் ஒரு தடவை. ஆடி பிறந்த பிறகு மேனேஜர் ஒருநாள் ஸ்கூட்டரில் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொண்டு பழங்காநத்தத்தில் துளசிராமின் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். "இந்தா, புதுசு. இனிமே என்னத் தொந்தரவு பண்ணாத" என்றார்.

துளசிராமின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் பட்டு ஜவுளியில் இருந்தார்கள். அவர் மட்டும் கிரீஸில் கை வைத்தவர். கம்பெனியின் மூன்று வண்டிகளும் அவரிடம்தான் வரும். அன்றைக்குப் பேயாண்டியும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே வேலை செய்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டியூபை விடுவித்து, துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். பழைய ஷாக்கைச் சுருள் கம்பியோடு வெளியே இழுத்து, அந்தச் சுருளை இரண்டு இரும்புக் கொக்கியால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் நடு நட்டைத் தொட்டார்கள். அவசரப்பட்டுத் தொட்டால் சுருள் தெறித்து ஆளை அடித்துவிடும்.

இடையில் துளசிராம் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். ஷாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரோடு வாசலுக்குப் போய் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்து, எதுவும் சொல்லாமல் மாட்டினார். வண்டிக்கடியில் கிடந்த பேயாண்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் வண்டி ஆடாமல் கல்லு மாதிரி இருந்தது. நாலாவது வாரம் இடது பக்கச் சக்கரத்துக்குள் கறுப்பாக எண்ணெய் வழிந்தது. சொன்னதற்கு, "மாட்டி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள என்னய்யா?" என்று மேனேஜர் ஃபோனை எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமைக் காலை. திருநகருக்குச் சற்று முன்னால் கேபிள் போடத் தோண்டிய ரோட்டை மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மழையில் அந்த மண் உள்வாங்கிக் கிடந்தது. பேயாண்டி மெதுவாகத்தான் இறக்கினார். இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்ததும் 'டங்'கென்று ஒரு சத்தம். ஷாக் பிளந்து சுருள் சாய்ந்தது. ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு ஓட, வேன் ஓரத்துப் புளியமரத்தில் இடித்து நின்றது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாள் முன்சீட்டின் முதுகில் மோதி விழுந்தாள். தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்துவிட்டது. பேயாண்டி அவளை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் கம்பெனி கேட்டில், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய மற்றப் பதினாலு பெண்களும் நிற்கையில் மேனேஜர் கத்தினார்.

"புதுசா வாங்கிக் குடுத்த ஷாக்க வித்துத் தின்னுட்டு, பழசுக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டிருக்கான். செக்கானூரணிப் பக்கத்து ஆள நம்பி வண்டியக் குடுத்தா இதான் நடக்கும். இனி உள்ள வராத."

பேயாண்டியின் ஊர் செக்கானூரணிப் பக்கம்தான். ஒரு குற்றமும் செய்யாத அவருடைய தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி ரேகை வைத்துவிட்டு ராத்திரிதோறும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்துவிட்டு வந்தவர். அந்தச் சட்டம் ஒழிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. பேயாண்டி கையை ஓங்கப் போனார். அடித்தால், 'பார்த்தியா, நான் சொன்னது சரிதானே' என்பான். கையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறி நேரே துளசிராமிடம் போனார்.

இடித்த வேன் அங்கேதான் நின்றது. பிளந்த ஷாக்கையும் வலது பக்கத்து ஷாக்கையும் துளசிராம் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். பேயாண்டி ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்துப் பிளந்ததைத் தேய்த்தார். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் துரு. கழுத்தில் துளை போட்டு, கெட்டி எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்த தடம்.

"அண்ணே, ஒங்க கையாலதான இத மாட்டுனீங்க? ஒங்களுக்குத் தெரியாதா?"

துளசிராம் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒங்களத்தான கேக்குறேன்! என்னயக் களவாணின்னு சொல்லிட்டான். ஒரு பொம்பள கை ஒடிஞ்சு கெடக்கு. நீங்க வாயத் தொறக்காம நிக்கிறீங்க!"

காபி கொண்டுவந்த துளசிராமின் மனைவி வசுந்தரா டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு வந்து எங்கிட்டச் சொன்னீங்கள்ல, அது பழச நோண்டுன சரக்குன்னு? எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? இப்ப அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

துளசிராம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். மேனேஜருதான், இதையே மாட்டு, இல்லைன்னா மூணு வண்டியும் வேற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிரும்னாரு. பயந்துட்டேன் பேயாண்டி."

"ஒங்க பயத்துக்கு எம் பேரா கெடச்சுச்சு?"

அன்று மத்தியானமே இருவரும் முதலாளி வீட்டுக்குப் போனார்கள். வேனில் முதலில் இருந்த இரண்டு ஷாக்குகளும் பெயின்ட் படாமல் ஒர்க்‌ஷாப் மூலையிலேயே கிடந்ததால் அவற்றையும், பெயின்ட் அடித்த இரண்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வரிசையாக வைத்தார்கள். துளசிராம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். பெட்டியைப் பிரித்தது தன் கைதான் என்றும், உள்ளே இருந்தது இதுதான் என்றும், மேனேஜர் பக்கத்தில் நின்றார் என்றும் சொன்னார்.

முதலாளி குனிந்து நாலு ஷாக்கையும் பார்த்தார். பிறகு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பக்கமும் நல்ல ஷாக்காப் போட்டுருவோம். நீ நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார்.

"கேட்டுல வச்சு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னாருய்யா. அதே கேட்டுல வச்சு, தான் சொன்னது பொய்யின்னு அவரச் சொல்லச் சொல்லுங்க. வாரேன்."

"அவன் என் மச்சினன்யா. தொழிலாளிக முன்னாடி அவன் எப்படி..."

"நான் யாருக்கும் மச்சினன் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் பேயாண்டி எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் வாடகை வேன் ஒன்று வேறு டிரைவரோடு பழங்காநத்தத்துக்கு வந்தது. நாலு ஷாக் கதை அதற்குள் பெண்கள் காதுக்குப் போயிருந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு பாண்டியம்மாளே வந்து நின்றிருந்தாள். "பேயாண்டியண்ணே களவாணியில்லைன்னு சொல்லுற வரைக்கும் நாங்க வரல" என்றாள். திருநகரிலும் அதே கதைதான். இரண்டு நாள் குட மெஷின்கள் சும்மா நின்றன.

மூன்றாவது நாள் முதலாளியே கேட்டுக்கு வந்தார். "பேயாண்டி மேல எந்தத் தப்பும் இல்லை. நாங்க வாங்குன சாமான்தான் மோசம்" என்றார். மேனேஜர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நல்ல ஷாக் அப்சார்பர்கள் ஜோடியாக வந்தன. பேயாண்டியும் துளசிராமும் சேர்ந்துதான் மாட்டினார்கள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பேயாண்டி ஒரு நடைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்ற மறுத்தார். மூட்டை ஏற்றவே விடவில்லை. காலையில் இரண்டு நடை அடித்தார்.

பாண்டியம்மாளின் எலும்பு கோணலாகத்தான் கூடியது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. மெஷினில் நிற்க முடியாதவளுக்கு வேலை இல்லை என்று தையில் மேனேஜர் அவளை நிறுத்தினார். அன்றைக்கே பேயாண்டி வேன் சாவியை முதலாளியின் மேஜை மேல் வைத்தார்.

"ஒனக்கு என்னய்யா கொறை வச்சோம்?" என்றார் முதலாளி.

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளையக் கூப்பிட்டு, ஒங்க மச்சினன் வாங்குன ஷாக்காலதான் ஒங் கை போச்சுன்னு சொல்லுங்க. ஒக்காந்து பாக்குற வேல ஒண்ணு குடுங்க. நாளைக்கே வண்டிய எடுக்குறேன்."

முதலாளி கூப்பிடவில்லை. பேயாண்டி திருமங்கலத்தில் ஓர் அரிசி மில் லாரிக்குப் போனார். வீட்டில் மனைவி ரெங்கம்மாள் எப்போதாவது, "அதான் முதலாளியே கேட்டுல வந்து சொல்லிட்டாரே, இன்னும் எதுக்கு மனசுல போட்டு அரைக்கிறீக?" என்பாள்.

"சொன்னவன் வேற, செஞ்சவன் வேற" என்பார் பேயாண்டி. "செஞ்சவன் இன்னைக்கும் அதே நாற்காலியில ஒக்காந்துருக்கான்."