பன்னிரண்டாவது மணிக்குள் வாங்கிய பொம்மை

1976 ஜனவரி 24: ஒருரோவிலிருந்து லா பாஸ், பேருந்து, 25 பெசோ.
ஜனவரி 24: சதுக்கத்தில் புகைப்படம், 6 பெசோ.
ஜனவரி 24: பொம்மை ஒன்று, 3 பெசோ.
பிப்ரவரி 16: சுக்ரேவுக்குத் தபால்தலை, 2 பெசோ.

கணக்கு மாணவி பாசிலியாவுடையது. தலைநகர் லா பாஸில் அவள் இருந்தது மொத்தம் ஏழரை மணி நேரம். ஊர் பார்க்கப் போவதாக அம்மா சந்துசாவிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் போனது ஒரு பொம்மைச் சான்றிதழுக்காக. லா பாஸ் செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பித்து இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. அங்கே ஜனவரி 24 அன்று தொடங்கும் அலசித்தா பொம்மைச் சந்தையில் விரல் நீளப் பட்டச் சான்றிதழ் கிடைக்கும். வீடோ லாரியோ, ஆசைப்பட்டதன் பொம்மையை அன்று கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது வாங்கினால் வருடத்துக்குள் நிஜம் வந்து சேரும் என்பது நம்பிக்கை. பன்னிரண்டே காலுக்கு வாங்கினால் அது வெறும் பொம்மை.

அழைத்துப்போக வந்தவன் பெரியம்மா மகன் ரெம்பெர்த்தோ. அமைச்சக அலுவலகத்தில் தட்டச்சர். ஊரையே தான் கட்டியதுபோல் காட்டினான்.

"அதோ பாரு, இல்லிமானி. மலை மேல மேகமே இல்ல, உன் அதிர்ஷ்டம்."

"மணி என்னண்ணே?"

"படியேறும்போதும் இதையேதான் கேட்ட. ஏம்மா, ஊரப் பாக்க வந்தியா, கடிகாரத்தப் பாக்க வந்தியா?"

பதினொன்றரைக்குச் சதுக்கத்துப் புகைப்படக்காரரிடம் நிறுத்தினான். முன்னால் நான்கு குடும்பங்கள்.

"அண்ணே, சந்தை?"

"ரெண்டு தெரு தள்ளி. அது எங்க ஓடிப்போவுது? படம் இல்லாமப் போனா, நான் ஒண்ணுமே காட்டலன்னு சித்தி ஊரெல்லாம் சொல்லும்."

புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஆடாதம்மா! புறாகூட உன்னவிட ஒழுங்கா நிக்குது."

அவர் லென்ஸ் மூடியைத் திறந்த கணத்தில் முதல் மணி அடித்தது. பாசிலியா ஓடினாள்.

ஐந்தாவது மணிக்குத் தெருமுனை. ஒன்பதாவது மணிக்குச் சந்தையின் வாசல். சான்றிதழ்க் கடைகள் மறுகோடியில்; நடுவே எள் விழ இடமில்லை. பதினொன்றாவது மணிக்கு அருகிலிருந்த கடையில் காசை நீட்டி, கைக்கு வந்ததை எடுத்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு பயணப்பெட்டி.

கடைக்காரி அதைச் சாம்பிராணிப் புகையில் காட்டினாள். "எங்க பயணம், கண்ணு?"

"எங்கயும் இல்லம்மா."

"அப்பிடிச் சொல்லாத. மணி அடிக்கையில வாங்கியிருக்க."

படத்தில் ரெம்பெர்த்தோவும் புறாக்களும் தெளிவாக இருந்தார்கள். பாசிலியா நின்ற இடத்தில் ஒரு மங்கல் கோடு.

பிப்ரவரி 11 அன்று லா பாஸிலிருந்து பதில் வந்தது: இடமில்லை. சந்துசா ஒருரோ ரயிலடியில் சோளக்கஞ்சி விற்பவள்; சந்தைக்குப் போன கதை அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "சான்றிதழ விட்டுட்டுப் பெட்டிய வாங்கிட்டு வந்து நின்னா, லா பாஸ்காரன் எப்பிடி இடம் குடுப்பான்?"

பாசிலியா ஐந்து நாள் ரயிலடிக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். பிறகு சுக்ரே செவிலியர் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துவந்தாள்.

"சுக்ரேவா? அவ்ளோ தூரத்துல யாருடி இருக்கா நமக்கு?"

"யாரும் இல்லம்மா. பெட்டிதான் இருக்கே."

சந்துசா கரண்டியைக் கீழே வைத்தாள். தபால்தலைக்கு இரண்டு பெசோவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

சுக்ரேயிலிருந்து முதலில் வந்த கடிதம் பிறப்புச் சான்று கேட்டது. அது மார்ச் 4. இடம் உண்டு, ஏப்ரல் 5க்குள் வந்து சேரவும் என்ற கடைசிக் கடிதம் வந்தது 1976 மார்ச் 19, வெள்ளிக்கிழமை.